பெரிஸ்கோப்பில் கட்டிய துடைப்பம்

நீர்மூழ்கிக் கப்பலுக்குள் சாதி கிடையாதாம். ஒரு தோழர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்.

ஒளிப்படக் கலை பற்றிய கூட்டம் அது. கல்லூரி ஒன்றின் சின்ன அறை. முப்பது பேர் இருப்போம். திரையில் ஒவ்வொரு படமாக ஓட்டி விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தவர், 1943இல் அமெரிக்க நீர்மூழ்கிகளுக்குள் எடுத்த படங்களுக்கு வந்ததும் உருகிப் போனார். சுற்றிலும் குழாய்கள், சக்கரம் சக்கரமாக வால்வுகள், சுவர் முழுக்க அளவுமானிகள். நடுவில் இருபது இருபத்திரண்டு வயசுப் பையன்கள். குண்டுக்குப் பக்கத்திலேயே படுக்கை. "உழைக்கிற மனுஷனோட அழகப் பாருங்க தோழர். இங்க ஒருத்தன் ஒரு வால்வ மாத்தித் திறந்தான்னா அத்தன பேரும் சாவான். கேப்டனும் சாவான், சமையக்காரனும் சாவான். எல்லாருக்கும் ஒரே காத்து. இதவிடச் சமத்துவம் எங்க இருக்கு?" என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்பதை மறைப்பதற்கில்லை. படங்கள் அப்படிப்பட்டவை.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். முதலாண்டு எம்.ஏ. "சார், இத்தன பேருக்கும் யாரு சோறு போட்டா? அந்த ஆபிசர்மார் தட்ட யாரு கழுவுனா? அவங்க படம் இருக்கா?" என்று கேட்டாள். தோழர் சிரித்தார். "நல்ல கேள்விம்மா. ஆனா இது கலை பத்தின கூட்டம்" என்றார். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

கேட்டவள் அவள். நான் வெறுமனே எழுதுகிறேன்.

*

முதலில் அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவோம். 1942இல் அமெரிக்கக் கடற்படை ஒரு போட்டோ அணியை உண்டாக்கியது. தலைவர் எட்வர்ட் ஸ்டைகன். அப்போதே அறுபதைத் தாண்டிவிட்ட கிழவர். அதற்கு முன்னால் வோக், வேனிட்டி ஃபேர் பத்திரிகைகளுக்கு சீமான் சீமாட்டிகளையும் நாகரிக உடைகளையும் படம் எடுத்துப் பேர் வாங்கியவர். விளம்பரக் கம்பெனிக்கும் எடுத்தவர். அவரைக் கடற்படை கூப்பிட்டது கலையை வளர்க்க அல்ல. கடற்படையின் விமானப் பிரிவுக்கு ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. படம் பார்த்துப் பையன்கள் வந்து சேர வேண்டும். அவ்வளவுதான். கப்பலும் விமானமும் நாளைக்குப் பழசாகிப்போகும், மனுஷன் பழசாக மாட்டான், மனுஷனை எடுங்கள் என்று தன் ஆட்களிடம் அவர் சொன்னதாகச் சொல்வார்கள். நல்ல பேச்சு. இதே ஸ்டைகன்தான் 1955இல் நியூயார்க்கில் 'மனிதக் குடும்பம்' என்ற பெரிய கண்காட்சியை வைத்து, உலகத்து மனிதர் எல்லாரும் ஒரே குடும்பம் என்று காட்டினார். குடும்பம் என்றால் அதில் யார் பத்துப் பாத்திரம் தேய்ப்பது என்ற கேள்வி வருமே, அதை அங்கேயும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த அணியில் ஒருவர் ஃபென்னோ ஜேக்கப்ஸ். லைஃப், ஃபார்ச்சூன் பத்திரிகைகளுக்கு எடுத்தவர். 1943 ஆகஸ்டில் கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டன் நீர்மூழ்கித் தளத்தில் சீரோ, கேப்லின் என்ற இரண்டு நீர்மூழ்கிகளுக்குள் இறங்கிப் படம் எடுத்தார். தோழர் காட்டியவற்றில் பல அவர் எடுத்தவை. இரண்டும் புதுக் கப்பல்கள். கேப்லின் கடற்படையில் சேர்ந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. அந்த நவம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கேப்லின் திரும்பி வரவே இல்லை. எழுபதுக்கு மேற்பட்டவர்கள். ஆகஸ்டில் படத்துக்கு முகம் கொடுத்த பையன்கள் கிறிஸ்துமஸுக்கு இல்லை. அந்தப் போரில் அமெரிக்கா இழந்த நீர்மூழ்கிகள் 52. செத்தவர்கள் 3,500க்கு மேல். அதை நான் சின்னதாக்கவில்லை. அந்த முகங்களைப் பார்த்தால் யாருக்கும் மனசு கனக்கும்.

அந்தக் கனத்தைச் சொல்லித்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள். சாவு சமம், ஆகையால் வாழ்வும் சமம் என்று.

*

ஒரே காற்று என்றாரே தோழர், அந்தக் காற்றுக்குள் என்ன நடந்தது?

அமெரிக்கக் கடற்படை 1919இல் கறுப்பர்களைப் புதிதாகச் சேர்ப்பதையே நிறுத்தி வைத்தது. 1930களின் தொடக்கத்தில் கதவைத் திறந்தபோது ஒரே ஒரு கதவைத்தான் திறந்தது. மெஸ்மென் பிரிவு. அதிகாரிகளுக்குச் சோறு பரிமாறுவது, தட்டுக் கழுவுவது, படுக்கை விரிப்பது, சட்டை துவைப்பது, ஷூவுக்குப் பாலீஷ் போடுவது. இடைப்பட்ட வருஷங்களில் அந்த வேலைக்கு பிலிப்பைன்ஸ் தீவுக்காரர்களைப் பிடித்துவந்தார்கள். அவர்களுக்கும் அந்த ஒரே கதவுதான், 1970களின் தொடக்கம் வரைக்கும். 1942 ஜூன் 1 முதல் கறுப்பர்களைப் பொது வேலைக்கும் எடுப்போம் என்று அறிவித்தார்கள். ஆனால் கடலுக்குப் போகும் போர்க்கப்பலில் ஏறுவதென்றால் அப்போதும் சமையற்கட்டு வழியாகத்தான். 1943இல் மெஸ்மென் என்ற பெயரை மாற்றி ஸ்டூவர்டு பிரிவு என்று வைத்தார்கள். பெயர் மாற்றுவதில் கெட்டிக்காரர்கள் உலகம் பூரா இருக்கிறார்கள். தோட்டி என்பதைத் துப்புரவுப் பணியாளர் ஆக்கி, அதையும் தூய்மைப் பணியாளர் ஆக்கி, கையில் அதே வாளியைக் கொடுத்து அனுப்பும் அரசாங்கத்தைப் பார்த்தவர்கள் நாம்.

ஆக ஜேக்கப்ஸ் காமிராவைத் தூக்கிக்கொண்டு இறங்கிய காலத்து நீர்மூழ்கி ஒவ்வொன்றிலும் பொதுவாக இரண்டு ஸ்டூவர்டுகள் இருந்தார்கள். கறுப்பர், அல்லது பிலிப்பினோ. இருபத்தைந்து பேருக்குப் போதாத இடத்தில் எழுபது எண்பது பேர் நெருக்கியடித்துக் கிடக்கும் அந்த இரும்புக் குழாய்க்குள், அதிகாரிகளுக்கென்று தனிச் சாப்பாட்டு மேசை இருந்தது. பரிமாற ஆள் இருந்தான். எத்தனை வருஷம் வேலை பார்த்திருந்தாலும் அந்த ஆளுக்கு, வேறு பிரிவில் நேற்றுச் சேர்ந்த வெள்ளைப் பையனை ஏவும் அதிகாரம் கிடையாது. சண்டை வந்தால் மட்டும் அவனும் குண்டு தூக்குவான், பீரங்கிக்குத் தோட்டா எடுத்துக் கொடுப்பான், மேலே ஏறிக் காவல் பார்ப்பான். கறுப்பு நீர்மூழ்கி வீரர்களைப் பற்றி கிளென் நோப்லாக் என்பவர் 2005இல் ஒரு தனிப் புத்தகமே போட்டார். போர் முடிந்து அறுபது வருஷம் கழித்து.

ஒரே காற்று சரி. ஒரே தட்டு இல்லையே தோழர்!

நம்ம ஊரிலும் எல்லாரும் ஒரே காற்றைத்தான் இழுக்கிறோம். ஊர்க் காற்று சேரிக்கு வராமலா இருக்கிறது? சேரிக் காற்று ஊருக்குப் போகாமல் இருக்கத்தான் கிழக்கே தள்ளி வைத்தான், அதுவும் முழுசாகப் பலிக்கவில்லை. காற்றைக் காட்டிச் சமத்துவம் பேசுகிறவன் கிணற்றைப் பற்றிப் பேச மாட்டான்.

'வேலை செய்யும் மாலுமிகள்' என்று படத்துக்குக் கீழே எழுதுகிறார்கள் அல்லவா, எதை வேலை என்கிறார்கள் என்பதுதான் என் சண்டை. வால்வைத் திருகுவது வேலை. பெரிஸ்கோப்பில் கண் வைப்பது வேலை. டார்ப்பிடோவைத் தடவிக் கொடுப்பது வேலை. தட்டுக் கழுவுவதை அந்தக் கண் வேலையாகப் பார்க்காது. அது தானாக நடக்கும் காரியம். கக்கூஸ் தானாகச் சுத்தமாகும். விரிப்பு தானாக விரிந்துகொள்ளும். நீர்மூழ்கியின் கக்கூஸ் சாமான்யப்பட்டதல்ல என்பதையும் சொல்லவேண்டும். வெளியே கடலின் அழுத்தம். வரிசை தப்பாமல் வால்வுகளைத் திறந்து மூடினால்தான் கழிவு வெளியே போகும். தப்பினால் உள்ளே இருப்பவன் மேலேயே திரும்பி அடிக்கும். 1945 ஏப்ரலில் யூ-1206 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, கக்கூஸ் கோளாறில் கடல்நீர் உள்ளே புகுந்து, ஸ்காட்லாந்துக் கரைக்குப் பக்கத்தில் மேலே வந்து, கடைசியில் கைவிட வேண்டியதாயிற்று. எதிரியின் குண்டு செய்யாததைக் கக்கூஸ் செய்தது. அந்தக் கப்பலில் எது முக்கியமான வேலை, சொல்லுங்கள்.

*

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் கட்டுரை பொய்யாகிவிடும்.

அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்குகிற வேலை பார்த்தார். நானும் அங்கேதான் படித்தேன். வருஷக் கடைசியில் குரூப் போட்டோ எடுப்பார்கள். காலையிலேயே அப்பா வேப்பமரத்தடியைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார். பெஞ்சுகளைத் தூக்கிவந்து மூன்று அடுக்காகப் போடுவார். முன்னால் நாற்காலிகள். தலைமையாசிரியர் நாற்காலிக்கு மட்டும் துண்டால் ஒரு தடவை கூடுதலாகத் துடைப்பார். எல்லாரும் உட்கார்ந்ததும் போட்டோக்காரர் துணிக்குள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "யோவ், நிழல் விழுது, தள்ளிப் போய்யா" என்பார். அப்பா தள்ளிப் போவார். எந்தப் பக்கம் தள்ளினால் நிழல் விழாது என்று அவருக்கே நன்றாகத் தெரியும், வருஷா வருஷம் பழகியதால். எட்டு வருஷப் படங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்றிலும் அவர் இல்லை. ஒரே ஒரு படத்தில், ஏழாம் வகுப்பு, இடது ஓரத்தில் தரையில் ஒரு நிழல் நீளமாகக் கிடக்கிறது. அவருடையதா, மரத்தினுடையதா, தெரியவில்லை. நான் அப்போது இரண்டாவது வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறேன். அப்பாவைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

*

துடைப்பத்துக்கு வருகிறேன்.

அமெரிக்க நீர்மூழ்கிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. போன இடத்தில் எதிரிக் கப்பல்களை மூழ்கடித்து வெற்றியோடு துறைமுகம் திரும்பும்போது பெரிஸ்கோப்புக் கம்பத்தின் உச்சியில் ஒரு துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு வருவார்கள். 'கடலைப் பெருக்கித் தள்ளிவிட்டோம்' என்று அர்த்தம். 17ஆம் நூற்றாண்டில் ட்ரோம்ப் என்ற டச்சுக் கடற்தளபதி பாய்மரத்தில் துடைப்பம் கட்டியதாக ஒரு கதை, அதிலிருந்து வந்தது என்பார்கள். 1943 பிப்ரவரி 7ஆம் தேதி வாஹூ என்ற நீர்மூழ்கி பேர்ல் ஹார்பருக்குத் திரும்பியபோது எடுத்த படம் பிரசித்தம். உச்சியில் துடைப்பம் நிற்கிறது. கீழே கடற்படை வீரர்கள்.

அந்தத் துடைப்பம் எதைப் பெருக்கியது தெரியுமா? பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஜனவரி 26ஆம் தேதி, நியூ கினித் தீவுக்கு வடக்கே புயோ மாரு என்ற ஜப்பானியத் துருப்புக் கப்பலை வாஹூ மூழ்கடித்தது. பிறகு மேலே வந்து, தப்பித்தவர்கள் ஏறியிருந்த படகுகளை நோக்கிச் சுட்டது. எல்லாரும் ஜப்பானியச் சிப்பாய்கள் என்றே கேப்டன் மார்ட்டன் எண்ணினார். அந்தக் கப்பலில் இருந்தவர்களில் நாம் அறிய வேண்டியவர்கள் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட இந்தியக் கைதிகள், 16ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டுக்காரர்கள். செத்தவர்களில் ஜப்பானியர் 87 பேர், இந்தியர் 195 பேர் என்று பின்னால் கணக்குத் தெரிந்தது. வெள்ளைக்காரனுக்காகச் சண்டைக்குப் போய், ஜப்பான்காரனிடம் மாட்டி, அமெரிக்காக்காரன் கையால் செத்தவர்கள். அந்த 195 பேருக்குப் படம் எங்கே? துடைப்பத்துக்கு இருக்கிறது. (மார்ட்டனும் அதே வருஷம் அக்டோபரில் வாஹூவோடு முழுகிப்போனார். அதையும் சொல்லிவிடவேண்டும்.)

நீர்மூழ்கியில் இரண்டு விதமான படம் உண்டு. ஒன்று உள்ளே எடுப்பது. அழகான பையன்கள், உழைப்பு, தோழமை. இன்னொன்று பெரிஸ்கோப் வழியாக வெளியே எடுப்பது. 1942 ஜூனில் நாட்டிலஸ் நீர்மூழ்கியிலிருந்து பெரிஸ்கோப் வழியே எடுத்த ஒரு படம் இருக்கிறது. யமகாசே என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் முழுகிக்கொண்டிருக்கிறது. கப்பலிலிருந்த அத்தனை பேரும் செத்தார்கள். அந்தப் படத்தில் ஒரு மனிதமுகம் கிடையாது. வட்டத்துக்குள் ஒரு கப்பல், அவ்வளவுதான். உள்ளே திரும்பினால் மனிதாபிமானம், வெளியே திரும்பினால் குறி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் தோழரின் கூட்டத்துக்கு நான் இன்னொரு தரம் கை தட்டியிருப்பேன்.

துடைப்பம் அவனுக்குக் கொடி. நமக்கு? பேஷ்வா ஆட்சியில் புனே நகரத்துக்குள் வரும் தீண்டப்படாதவன் தன் காலடித் தூசியைத் தானே பெருக்கிக்கொண்டு போக இடுப்பில் துடைப்பம் கட்டியிருக்க வேண்டும் என்பதை அம்பேத்கர் 1936இல் எழுதியது இந்தப் பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் மனப்பாடம். ஒருத்தன் தலைக்கு மேலே கட்டினான், ஒருத்தன் பின்னால் கட்டவைக்கப்பட்டான். சாமான் ஒன்றுதான். கூடுதலாக இதையும் கேளுங்கள். வெள்ளைக்காரன் நடத்திய இந்தியக் கடற்படையில் கக்கூஸ் கழுவுகிறவனுக்கு 'டோப்பாஸ்' என்று தனிப் பதவிப் பெயர் இருந்தது. வணிகக் கப்பல்களிலும் அதே பெயர்தான், பெரும்பாலும் தோட்டிச் சாதிக்காரர்களைத்தான் வைத்தார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தப் பெயர் நீண்ட நாள் இருந்தது. அப்புறம் 'ஹைஜீனிஸ்ட்' ஆனது. இந்தியாவின் முதல் நீர்மூழ்கி கல்வாரி, 1967 டிசம்பர் 8இல் சோவியத் நாட்டு ரீகா துறைமுகத்தில் கொடியேற்றியது. வருஷா வருஷம் அந்தத் தேதியைக் கொண்டாடிப் படம் போடுகிறார்கள். டோப்பாஸ் என்ற சொல்லுக்கு யாரும் விழா எடுத்ததில்லை. நியாயம்தான், எடுத்தால் சிரிப்பார்கள்.

*

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. காமிரா யார் கையில்?

அரசாங்கம் எடுத்தால் அது கலை, ஆவணம், வரலாறு. அரசாங்கக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கும். உள்ளே வேலை செய்கிறவனே எடுத்தால்? 2009இல் அலெக்சாண்ட்ரியா என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கியில் என்ஜின் அறையில் வேலை பார்த்த ஒரு மாலுமி, தன் கைப்பேசியில் உள்ளே ஆறு படம் எடுத்தான். அந்தப் போன் 2012இல் ஒரு குப்பை மேட்டில் யார் கையிலோ கிடைத்தது. 2016இல் ஒரு வருஷம் சிறை. 2018இல் அதிபர் மன்னிப்புக் கொடுத்தார், அது வேறு அரசியல். அவன் எடுத்தது அணு உலை ரகசியம், ஜேக்கப்ஸ் எடுத்தது ஆள் சேர்க்கும் படம், இரண்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. தண்டித்தது தப்பு என்று வாதாடவும் நான் வரவில்லை. தான் வேலை செய்யும் இடத்தைத் தான் பார்க்கிற மாதிரி காட்ட உள்ளே இருப்பவனுக்கு உரிமை கிடையாது, அவனை அடுத்தவன் காட்டலாம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

உள்ளே இருப்பவன் கையில் காமிரா வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2011 கடைசியில்தான் அமெரிக்க நீர்மூழ்கிகளில் பெண் அதிகாரிகள் பணியில் ஏறினார்கள். வயோமிங் என்ற நீர்மூழ்கியில் கூட வேலை செய்த ஆண் மாலுமிகளே, அந்தப் பெண்கள் குளிக்கப் போகும் இடத்தில் உடை மாற்றும்போது மாசக்கணக்கில் ஒளித்துப் படம் பிடித்தார்கள். 2014 டிசம்பரில் வெளியே தெரிந்தது. இராணுவ நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அதுவும் 'நீர்மூழ்கிக்குள் மாலுமிகளைப் படம் எடுத்தல்'தான். அவர்களும் ஒரே காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

*

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறாய், எங்களையும் படத்தில் சேர்த்துக்கொள் என்று மனுப் போடுவதா என்று நம்ம ஆட்களே கேட்கிறார்கள். சில தம்பிகளுக்கு அந்த ஆசை இருக்கிறது. தப்பில்லை. ஆனால் டோரிஸ் மில்லர் கதையைக் கேட்டுவிட்டு மனு எழுதுங்கள்.

மில்லர் ஒரு மெஸ்மேன். 1941 டிசம்பர் 7 காலையில், பேர்ல் ஹார்பரில் வெஸ்ட் வர்ஜீனியா கப்பலில் அழுக்குத் துணி சேகரித்துக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. அடிபட்டவர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, யாரும் சொல்லிக்கொடுக்காத இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து விமானங்களை நோக்கிச் சுட்டார். கடற்படை முதலில் பெயரைச் சொல்லவில்லை. 'ஒரு நீக்ரோ மெஸ்மேன்' என்றது. கறுப்பர் பத்திரிகைகள் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் மூன்று மாசம் கழித்துப் பெயர் வெளியே வந்தது. 1942 மே 27இல் தளபதி நிமிட்ஸ் அவர் நெஞ்சில் பதக்கம் குத்தினார். படம் எடுத்தார்கள். மறுவருஷம் அவர் முகத்தை வைத்து சுவரொட்டி அடித்தார்கள். அதே வருஷம் நவம்பர் 24இல் லிஸ்கம் பே கப்பலில் அவர் செத்தபோது அவர் இருந்தது சமையற்கட்டுப் பிரிவில்தான். அந்தக் கப்பலைக் குண்டு வைத்துப் பிளந்தது ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி. 2020இல் ஒரு பெரிய விமானந்தாங்கிக் கப்பலுக்கு அவர் பெயரை அறிவித்தார்கள். சுவரொட்டிக்கு வந்தவரால் சமையற்கட்டை விட்டு வெளியே வர முடியவில்லை.

படையில் இடம் கேட்பது வேறு, படத்தில் இடம் கேட்பது வேறு. அம்பேத்கர் படையில் இடம் கேட்டார். மகர்களைச் சேர்க்காதே என்று வெள்ளைக்காரன் 1890களில் கதவை மூடியதை அவர் மறக்கவில்லை. அவர் அப்பாவே சுபேதார். 1941இல் மகர் ரெஜிமெண்ட் வந்தது. 1943இல் சாமர் ரெஜிமெண்டும் வந்தது, போர் முடிந்த கையோடு 1946இல் கலைத்துவிட்டார்கள். செத்துக் கொடுக்கும்போது இடம் இருக்கும், சம்பளம் கொடுக்கும்போது இருக்காது. அதே 1946இல்தான் அம்பேத்கர் அமெரிக்காவின் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், கறுப்பர் பிரச்சினையும் நம் பிரச்சினையும் ஒத்திருப்பதைச் சொல்லி. ஆகவே அமெரிக்கக் கப்பல் சமையற்கட்டைப் பற்றி உனக்கென்ன என்று கேட்கிற தமிழ்ப் பண்டிதர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

ஜேக்கப்ஸ் படங்களுக்கு எதிரே நான் வேறொரு படத்தை மாட்ட மாட்டேன். ஒரு கடிதத்தை மாட்டுவேன். 1940இல் பிலடெல்பியா என்ற போர்க்கப்பலின் கறுப்பு மெஸ்மென் 15 பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பர் பத்திரிகைக்கு எழுதினார்கள். எங்களுக்கு இங்கே கிடைப்பது எடுபிடி வேலையும் தட்டுக் கழுவுவதும்தான், உங்கள் பிள்ளைகளைக் கடற்படைக்கு அனுப்பாதீர்கள் என்று தாய் தகப்பன்மாருக்குச் சொன்னார்கள். அக்டோபரில் அச்சானது. பதினைந்து பேரையும் பிடித்து விசாரித்துக் கடற்படையிலிருந்து துரத்தினார்கள். பதினைந்து கையெழுத்துகளை நினைத்துப் பாருங்கள். அவனவன் தன் கையால் போட்டது, தன் வேலைக்குத் தானே பேர் வைத்தது. எவனும் வெளிச்சம் சரியில்லை, தள்ளிப் போ என்று சொல்ல முடியாது.

*

கூட்டம் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றபோது அந்த மாணவியிடம் இதையெல்லாம் ஆவேசமாகச் சொன்னேன். 'உங்கம்மா வேலை செய்யிறத நீயே எடும்மா. அதுதான் பதில்' என்றேன். அவள் அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை பார்க்கிறார் என்று அப்போதுதான் சொல்லியிருந்தாள்.

"எடுக்கப் போனேன் அண்ணே" என்றாள். "போன மாசமே. அம்மா வையிது. 'துடப்பத்தோட என்ன ஏண்டி எடுக்கிற, வேலைக்கு வேட்டு வைக்கப் பாக்குறியா? நாளைக்கு உன் மாமியா வீட்ல இதயா காட்டுவ?'ன்னு கேட்டுச்சு. வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு, நீலப் பட்டு கட்டிக்கிட்டு, பீரோ முன்னால வந்து நின்னுது. 'இப்ப எடு'ன்னுச்சு."

"எடுத்தியா?"

"எடுத்தேன். நல்லா வந்திருக்கு."

பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. நீலப் புடவை. இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு அந்த அம்மா நேராகக் காமிராவைப் பார்க்கிறார். பின்னால் பீரோக் கண்ணாடியில், படம் எடுக்கிற மகள் பாதி தெரிகிறாள். என் அப்பாவிடம் எப்படி எடுக்கட்டும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. டீக்குக் காசு கொடுக்கப் போனேன், அவள் முந்திக்கொண்டாள்.